முன் இருக்கைச் சொகுசு

1958-இல் மியூனிக் நகரத்தில் பி.எம்.டபிள்யூ ஷோரூமுக்குள் நுழைந்த ஒருவருக்கு, இது ஒரே கம்பெனியின் கடைதானா என்ற சந்தேகம் வந்திருக்கும். ஒரு பக்கம் 507 நின்றது. வி8 எஞ்சின், 150 குதிரைத்திறன், நீண்டு தாழ்ந்த பானட், இரண்டே இருக்கை. இன்னொரு பக்கம் இசெட்டா. ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின், முட்டை உருவம், வண்டியின் முகப்பே கதவு. முகப்பைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வரும்; உள்ளே ஏறி உட்கார்ந்து மறுபடி இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும்.

507-ஐ வாங்க வசதி உள்ளவர்கள் மிகச் சிலர். இசெட்டாவை வாங்கியவர்களோ கையில் நாலு காசு சேர்ந்ததும் வேறு கம்பெனியின் 'நிஜக் கார்' பக்கம் போய்விட்டார்கள். போரில் நொறுங்கிய மேற்கு ஜெர்மனி வேகமாக நிமிர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆசிரியர், டாக்டர், சின்ன முதலாளி என்று குடும்பத்தோடு போவதற்குக் கார் தேடியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட பி.எம்.டபிள்யூவிடம் உருப்படியாக ஒன்றும் இல்லை. இசெட்டாவையே கொஞ்சம் நீட்டி 600 என்று ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பார்வைக்கு இசெட்டாவாகவே இருந்ததால் எடுபடவில்லை.

இன்று நம் ஊரில் ஒருவர் பணக்காரர் என்று சொல்ல 'பி.எம்.டபிள்யூவில் வந்து இறங்குகிறார்' என்றால் போதும். அந்தக் கம்பெனி தன் வாழ்நாளில் மிக மோசமாக அடிபட்டதே சொகுசுக் கார் செய்யப் போய்த்தான் என்பது பலருக்குத் தெரியாது.

507 பிறந்த விதமே அதற்குச் சாட்சி. நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்றுவந்த மேக்ஸ் ஹாஃப்மன், சுமார் 5,000 டாலருக்கு அழகான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கொடுத்தால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தள்ளிவிடலாம் என்றார். ஆல்பிரெக்ட் வான் கோர்ட்ஸ் வரைந்து கொடுத்தார். கார் என்னவோ கண்ணைப் பறித்தது. ஆனால் கையால் தட்டி வளைத்த அலுமினிய உடம்பு அது. செய்து முடித்தபோது விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. 1959 வரை சுமார் 250 வண்டிகள்தான் போயின. ஒவ்வொன்றையும் நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள்.

அந்த இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்று எல்விஸ் பிரெஸ்லியிடம் இருந்தது. அமெரிக்க ராணுவ வீரராக ஜெர்மனியில் பணியாற்றிய நாட்களில் அவர் ஓட்டிய வெள்ளை 507 அது. ரசிகைகள் காரின் மேலேயே உதட்டுச் சாயத்தால் செய்தி எழுதிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் காருக்குச் சிவப்பு அடித்தார். பின்னால் அது அமெரிக்கா போய்ப் பல கை மாறியது; யாரோ அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு செவர்லே எஞ்சினைப் பூட்டினார்கள்; கடைசியில் கலிஃபோர்னியாவில் பூசணிக்காய் வைக்கும் ஒரு கிடங்கில் கிடந்தது. கம்பெனியே அதை மியூனிக்குக்குக் கொண்டுபோய், ஏறக்குறைய இரண்டு வருடம் பாடுபட்டு, பழைய வெள்ளை நிறத்திலேயே 2016-இல் மீட்டுக் காட்டியது. கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்த கார், இன்று கம்பெனியின் பெருமைக்குரிய பழம்பொருள்!

1959 டிசம்பர் 9 அன்று பி.எம்.டபிள்யூவின் பங்குதாரர் பேரவை மியூனிக்கில் கூடியது. மேடையில் இருந்தவர்கள் கொண்டுவந்த திட்டம் சுருக்கமானது. கம்பெனிக்குப் புதிய மூலதனம் தேவை, அதை ஸ்டுட்கார்ட்டின் டெய்ம்லர்-பென்ஸ் போடும், பி.எம்.டபிள்யூ அதன் கைக்குள் போகும். மெர்சிடிஸ் செய்கிறவர்கள்தான் டெய்ம்லர்-பென்ஸ். மேற்பார்வைக் குழுவின் தலைவரோ டாயிஷ் வங்கியைச் சேர்ந்தவர். அந்த வங்கிக்கு டெய்ம்லரோடு நெருக்கமான உறவு. எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த கல்யாணம்போல் இருந்தது.

கீழே உட்கார்ந்திருந்த சிறு பங்குதாரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டீலர்களும் கொதித்துப் போயிருந்தார்கள், பி.எம்.டபிள்யூ என்ற பெயரே போய்விட்டால் அவர்கள் கடையில் எதை விற்பது? மணிக்கணக்கில் கூச்சலும் வாதமுமாகக் கூட்டம் நீண்டது. அவர்கள் பக்கம் வாதாடிய வழக்கறிஞர் ஃப்ரீட்ரிக் மாத்தர்ன், பேலன்ஸ் ஷீட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஓர் ஓட்டையைப் பிடித்தார். அப்போது புதிதாக வரவிருந்த 700 என்ற சிறிய காரை உருவாக்க ஆன செலவு முழுவதையும் ஒரே வருடக் கணக்கில் நஷ்டமாக எழுதியிருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிரித்து எழுத வேண்டிய செலவு அது. நஷ்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது இதனால்தான். கணக்கில் பிழை என்று பத்து விழுக்காடு பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் கூட்டத்தைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். கேட்டார்கள். தள்ளிவைக்கப்பட்டது. டெய்ம்லரின் திட்டம் அன்றோடு செத்தது.

விற்பனையைத் தடுத்தாயிற்று, சரி. பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஹெர்பர்ட் குவாண்ட் வருகிறார். பேட்டரி முதல் பல தொழில்கள் உள்ள பெரும் பணக்காரக் குடும்பம் அவருடையது. பி.எம்.டபிள்யூவில் பங்கு வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தக் குடும்பத்துக்கு டெய்ம்லர்-பென்ஸிலும் நிறையப் பங்கு இருந்தது. விழுங்க வந்தவருக்கும் சொந்தம், விழுங்கப்பட இருந்தவருக்கும் சொந்தம். கூட்டத்தில் சாதாரண ஊழியர்களும் சிறு முதலீட்டாளர்களும் ஒரு கம்பெனிப் பெயருக்காக இப்படி மல்லுக்கட்டியது அவரை யோசிக்க வைத்தது. ஆலோசகர்கள் வேண்டாம் என்று சொல்லியும் தன் பங்கைக் கூட்டிக்கொண்டு, 1960-இல் கம்பெனியைத் திருத்தி நிறுத்தும் பொறுப்பை ஏற்றார். ஹெர்பர்ட் குவாண்டுக்குச் சிறுவயதில், ஒன்பதாம் வயதில், விழித்திரை நோயால் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. ஓட்டும் சுகத்துக்குப் பெயர்போன கார்களை உலகத்துக்கு மிச்சம் வைத்தவர், கண்பார்வை குன்றிய மனிதர்.

குவாண்ட் பெயரைப் புகழ்ச்சியோடு மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. ஹெர்பர்டின் தந்தை குந்தர் குவாண்டின் பேட்டரி ஆலைகளில் ஹிட்லர் காலத்தில் வதைமுகாம் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்கினார்கள்; ஹெர்பர்டும் அந்த நிர்வாகத்தில் இருந்தவர். பல பத்தாண்டுகள் குடும்பம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்த ஓர் ஆவணப்படம் அந்த மௌனத்தைக் கலைத்தது. அதன்பின் குடும்பமே பான் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் யோவாகிம் ஷோல்டிசெக்கிடம் ஆவணங்களைத் திறந்துவிட, 2011-இல் வந்த ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வு குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. பி.எம்.டபிள்யூவின் சொந்தக் கணக்கும் சுத்தமில்லை. போர் விமான எஞ்சின்கள் செய்த அதன் அல்லாக் தொழிற்சாலையில், டாஹாவ் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் வதைபட்டார்கள். இன்று கம்பெனியின் ஏறக்குறைய பாதிப் பங்கு ஹெர்பர்டின் பிள்ளைகளான ஷ்டெஃபான் குவாண்ட், சுசான் கிளாட்டன் இருவரிடமும் இருக்கிறது.

விமான எஞ்சின் என்றதும் கதையின் வேருக்குப் போக வேண்டியிருக்கிறது. பெயரே 'பவேரிய மோட்டார் ஆலை' என்றுதான் பொருள்படும்; கார் என்ற பேச்சு அதில் இல்லை. கம்பெனி தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1916 மார்ச் 7. முதல் உலகப் போர்க்காலம். மேக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆறு சிலிண்டர் விமான எஞ்சின், காற்று மெலிந்த உயரத்திலும் சக்தி குறையாமல் இழுத்ததால் பெயர் வாங்கியது. 1919 ஜூனில் ஃப்ரான்ஸ் ட்சேனோ டீமர் என்ற விமானி பி.எம்.டபிள்யூ எஞ்சினோடு 9,760 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார். அதே மாதம் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனி விமான எஞ்சின் செய்யக் கூடாது!

உலகச் சாதனை படைத்த தொழிற்சாலை, ரயிலுக்கு பிரேக் செய்து வயிற்றைக் கழுவியது.

அடுத்து வந்தது மோட்டார் சைக்கிள். ஃப்ரிட்ஸுக்கு அதன் மேல் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் அவரிடம் வந்து சேர்ந்த சிக்கல் சுவையானது. எதிரெதிராக இரண்டு சிலிண்டர் வைத்த எஞ்சின் ஒன்றை வண்டியின் நீளவாக்கில் பொருத்தியிருந்தார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைத்தது. பின் சிலிண்டர் அதன் மறைவில் வெந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஸ் எஞ்சினைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இருபுறமும் நீட்டிக்கொண்டு காற்று வாங்கின. பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட். 1923-இல் பெர்லினில் காட்டிய ஆர் 32 இதுதான், 494 சி.சி., எட்டரைக் குதிரைத்திறன். நூறு வருடம் தாண்டியும் பி.எம்.டபிள்யூவின் பெரிய பைக்குகள் பலவற்றில் அந்தக் 'காது நீட்டிய' எஞ்சின் அமைப்பு மாறவில்லை.

கார் வந்தது 1928-இல். அதுவும் சொந்தச் சரக்கு அல்ல. ஐசனாக் என்ற ஊரில் டிக்ஸி என்ற குட்டிக் காரைச் செய்துவந்த ஆலையை வாங்கினார்கள். அந்த டிக்ஸியோ இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனை உரிமம் பெற்று நகலெடுத்தது. ஐந்தே வருடத்தில், 1933-இல், முதல் ஆறு சிலிண்டர் கார் 303 வந்தது. அதன் முகத்தில்தான் முதல்முறையாக அந்த இரட்டைச் சிறுநீரக வடிவ கிரில் தோன்றியது. 1936-இல் 328. சுமார் 460 வண்டிகள்தான் செய்தார்கள். 1940-இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தை அதில்தான் வென்றார்கள்.

போர் முடிந்தபோது ஐசனாக் ஆலை சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. அங்கே இருந்தவர்கள் அதே பெயரில், அதே கார்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மியூனிக் வழக்குப் போட்ட பிறகுதான் பெயரை ஈ.எம்.டபிள்யூ என்று மாற்றி, லோகோவின் நீலத்தைச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். மியூனிக்கில் மிஞ்சியிருந்தவர்கள் சமையல் பாத்திரமும் சைக்கிளும் செய்தார்கள். பிறகு பைக்; பிறகு 1951-இல் காட்டிய 501 என்ற பெரிய சொகுசுக் கார். வளைவும் நெளிவுமாக இருந்த அதற்கு ஜெர்மானியர்கள் வைத்த செல்லப்பெயர் 'பரோக் தேவதை'. தேவதைக்குப் படியளக்கும் வசதி அன்றைய ஜெர்மனியில் யாருக்கும் இல்லை. அங்கே தொடங்கிய சரிவுதான் 507-இல் முற்றி, 1959 கூட்டத்தில் வந்து நின்றது.

குவாண்டின் பணம் வந்தபின் கம்பெனி எடுத்த முடிவு அதன் குணத்தையே தீர்மானித்தது. மெர்சிடிஸோடு சொகுசில் மோதவில்லை. ஃபோக்ஸ்வேகனோடு மலிவில் மோதவில்லை. நடுவில் காலியாகக் கிடந்த இடத்தைப் பிடித்தார்கள். முதலில் 700 கம்பெனியை மூச்சுவிட வைத்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் விற்றது. அடுத்து, 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 வந்தது. 'புதிய வகுப்பு' என்று அந்த வரிசைக்குப் பெயர். நான்கு கதவு, ஒன்றரை லிட்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன். கோடு போட்டதுபோன்ற எளிய உடம்பு. பின்கதவு ஜன்னல் முடியும் இடத்தில் தூண் முன்னோக்கி ஒரு சிறு வளைவு வளையும். தலைமை வடிவமைப்பாளர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரால் வழங்கும் அந்த வளைவு இன்றைய பி.எம்.டபிள்யூக்களிலும் உண்டு. 1963-இல் கம்பெனி மறுபடியும் டிவிடெண்ட் கொடுத்தது.

அந்த எஞ்சினுக்குத் தனியாக ஒரு வரலாறு எழுதலாம். வடிவமைத்தவர் அலெக்ஸ் வான் ஃபால்கன்ஹவுசன். பந்தயங்களில் கார் ஓட்டிய பொறியாளர். நிர்வாகம் 1.3 லிட்டர் போதும் என்றபோது, இன்று சின்னதாகச் செய்தால் நாளைக்குப் பெரிதாக்க இடமிருக்காது என்று வாதாடி ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் வாங்கினார். இரண்டு லிட்டர் வரை வளரும்படி பிளாக்கை வார்த்தார். 1980களின் பிற்பகுதி வரை சுமார் 35 லட்சம் எஞ்சின்கள் அந்தக் குடும்பத்தில் பிறந்தன. அதே வார்ப்பிரும்பு பிளாக்கை எடுத்து, டர்போ பூட்டி, பால் ரோஷே என்ற பொறியாளர் ஃபார்முலா 1 எஞ்சின் செய்தார். வாரச்சந்தைக்குப் போகும் குடும்பக் காரில் 80 குதிரைத்திறன் கொடுத்த பிளாக், பந்தயத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. தகுதிச் சுற்றுக்கான உச்ச சக்தி எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியவில்லை. சோதனைக்கூடத்துக் கருவி 1,280-க்கு மேல் காட்டாது. 1983-இல் அந்த எஞ்சினோடு பிராபம் காரில் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். டர்போ எஞ்சினுக்கு அதுவே முதல் பட்டம்.

1968-இல் வந்த 2002 என்ற இரண்டு கதவுக் கார்தான் பி.எம்.டபிள்யூவை அமெரிக்காவில் நிலைநாட்டியது. அது பிறந்த கதையைக் கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஃபால்கன்ஹவுசன் தன் சொந்த உபயோகத்துக்குச் சின்ன 1600 காரில் இரண்டு லிட்டர் எஞ்சினை மாற்றிப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திட்டப் பிரிவு அதிகாரி ஹெல்முட் வெர்னர் பான்ஷும் ஒருவருக்கும் சொல்லாமல் அதையே செய்திருந்தார். இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இருவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள். அதே நேரத்தில் நியூயார்க்கிலிருந்து ஹாஃப்மன் சக்தி கூடிய சின்னக் கார் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இரட்டை கார்புரேட்டர் வைத்த 1600 அமெரிக்கப் புகை விதிகளைத் தாண்டாது. பெரிய எஞ்சினைச் சின்ன உடம்பில் வைப்பதே வழி. 507 விஷயத்தில் கம்பெனியைக் குழியில் தள்ளிய ஹாஃப்மனின் மூக்கு இந்தமுறை சரியாக மோப்பம் பிடித்திருந்தது.

சரி, இந்தக் கார்களில் அப்படி என்னதான் இருக்கிறது? வாங்கியவர்களைக் கேட்டால் 'ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்' என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது.

பெரும்பாலான சாதாரணக் கார்களில் எஞ்சின், கியர், இழுக்கும் சக்கரம் எல்லாமே முன்பக்கம். இடம் மிச்சம், செலவு மிச்சம். ஆனால் முன்சக்கரங்களுக்கு இரண்டு வேலை: வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஸ்டியரிங் லேசாக முரண்டுவதை ஓட்டுகிறவர்கள் உணர்ந்திருப்பார்கள். பி.எம்.டபிள்யூ வெகுகாலம் பிடிவாதமாகப் பின்சக்கர இயக்கத்தையே வைத்திருந்தது. பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும், ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. அதோடு முன்சக்கரங்களை வண்டியின் மூக்கு வரை முன்னால் கொண்டுபோய், எஞ்சினைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். முன் அச்சிலும் பின் அச்சிலும் எடை கிட்டத்தட்டப் பாதிப் பாதியாக விழும். வளைவில் வண்டியின் மூக்கு வெளியே ஓடாமல், திருப்பிய பக்கம் சொன்னபடி கேட்கும்.

அடுத்தது வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் எஞ்சின். நாலு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது ஒன்றின் உதறலை மற்றொன்று முழுதாக அடக்குவதில்லை. மிச்சமுள்ள அதிர்வு ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தெரியும். ஆறை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒவ்வொரு பிஸ்டனின் அசைவையும் இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. நீளம் கூடுதல், பொருத்த இடம் வேண்டும் என்பதால் மற்ற கம்பெனிகள் பல இந்த அமைப்பைக் கைவிட்டு வி6-க்குப் போயின. பி.எம்.டபிள்யூ விடவில்லை. மெர்சிடிஸே இருபது வருடம் கழித்து 2017-இல் வரிசை ஆறுக்குத் திரும்பியது. மியூனிக்கில் அன்று யாராவது மீசையை முறுக்கியிருப்பார்கள்.

உள்ளேயும் இதே மனப்பான்மைதான். 1975-இல் வந்த 3 சீரிஸில் நடுப்பலகை நேராக இல்லை, ரேடியோ, ஏ.சி. பொத்தான்கள் எல்லாம் டிரைவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தவர் ரேடியோவை மாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் எட்டித்தான் ஆக வேண்டும். மெர்சிடிஸின் சொகுசு பின்சீட்டில் சாய்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு; பி.எம்.டபிள்யூவின் சொகுசு முன்சீட்டில் கியர் மாற்றுகிறவருக்கு. விளம்பரத்திலும் ஜெர்மனியில் 'ஓட்டும் ஆனந்தம்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

1970-இல் 41 வயதில் தலைமைக்கு வந்த எபர்ஹார்ட் வான் குன்ஹைம் 1993 வரை இருந்தார். கம்பெனியின் பொற்காலம் என்றால் அதுதான். 3, 5, 7 என்று கார்களுக்கு எண் வரிசை வந்தது அவர் நாட்களில். பந்தயத்துக்கான எம் பிரிவு தொடங்கியதும் அப்போதுதான். மியூனிக்கில் நாலு சிலிண்டர் நிற்பதுபோல் கார்ல் ஷ்வான்சர் எழுப்பிய தலைமையகமும் அந்தக் காலத்துப் பேறு. மாடிகளைத் தரையில் செய்து, ஒவ்வொன்றாக மேலே தூக்கி, நடுத் தண்டிலிருந்து தொங்கவிட்ட கட்டடம் அது. 1972 ஒலிம்பிக்ஸுக்கு மியூனிக் தயாரானபோதே அதன் வெளித்தோற்றம் நின்றுவிட்டது. அந்த ஒலிம்பிக்ஸில் மாரத்தான் ஓட்டக்காரர்களின் முகத்தில் புகை அடிக்காதிருக்க, கூடவே போனது பேட்டரியில் ஓடும் ஒரு 1602 கார். 350 கிலோ ஈயப் பேட்டரி; சுமார் 60 கிலோமீட்டர் ஓடும். மாரத்தானுக்கு 42 கிலோமீட்டர் போதுமே.

தவறுகளும் குறைவில்லை. 1994-இல் இங்கிலாந்தின் ரோவரை 80 கோடி பவுண்டுக்கு வாங்கி, நஷ்டத்தில் தத்தளித்து, 2000-இல் பத்தே பவுண்டுக்குக் கைகழுவினார்கள். ரோவரோடு சேர்ந்து வந்த லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போய், 2008-இல் அங்கிருந்து நம் டாடாவிடம் வந்தது. மினியை மட்டும் பி.எம்.டபிள்யூ விடாமல் பிடித்துக்கொண்டது. அதுதான் அந்த வியாபாரத்தில் கிடைத்த ஒரே லாபம்.

ரோல்ஸ்-ராய்ஸ் விவகாரத்தில் சாமர்த்தியம் தெரிந்தது. 1998-இல் ஏலப் போட்டியில் ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து ரோல்ஸ்-ராய்ஸ் கார் ஆலையையும் பென்ட்லியையும் வாங்கியது. ஆலை, ஆட்கள், முகப்பு கிரில், பானட் மேல் பறக்கும் பெண் சிலை எல்லாம் கிடைத்தன. 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் விமான எஞ்சின் செய்யும் இன்னொரு கம்பெனியின் சொத்து; அவர்களுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் விமான எஞ்சின் தொழிலில் கூட்டு இருந்தது. அவர்கள் பெயரை 4 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூவிடம் கொடுத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் பி.எம்.டபிள்யூவின் வண்டி.

ரசிகர்களோடு சண்டையும் நடந்தபடியே இருக்கிறது. 2001-இல் கிறிஸ் பேங்கிளின் தலைமையில் வந்த 7 சீரிஸைப் பார்த்துவிட்டு, அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மனுவில் கையெழுத்துத் திரட்டினார்கள். கார் என்னவோ நன்றாகவே விற்றது. 2020-இல் 4 சீரிஸின் மூக்கை மறைத்த பிரம்மாண்ட கிரிலுக்கு அடுத்த திட்டு. இருக்கையைச் சூடாக்கும் வசதியைக் காரிலேயே வைத்துவிட்டு, அதைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது உலகம் முழுதும் சிரிப்பாய்ச் சிரித்த கதை. 2023-இல் அதைக் கைவிட்டார்கள். 2025 செப்டம்பரில் மியூனிக்கில் காட்டிய மின்சார ஐஎக்ஸ்3-க்கு, 1961-இல் தங்களைக் காப்பாற்றிய 'புதிய வகுப்பு' என்ற பெயரையே தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கம்பெனிக்கும் உள்ள உறவு இரண்டு ஊர்களில் இருக்கிறது. ஒன்று ஓசூர். 2013-இல் டி.வி.எஸ். மோட்டாரோடு ஒப்பந்தம் போட்டார்கள். மியூனிக்கில் வடிவமைத்த ஜி 310 ஆர் பைக் ஓசூரில் தயாராகி உலகமெங்கும் போனது. 313 சி.சி., ஒற்றை சிலிண்டர். வழக்கத்துக்கு மாறாக அதன் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் முன்னாலிருந்து நுழைந்து, புகை பின்னால் வெளியேறும். அதே எஞ்சினில் டி.வி.எஸ். தன் பெயரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310-ஐ விட்டது. கல்லூரிப் பையன்கள் கடன் போட்டாவது எட்டிப் பிடிக்கக்கூடிய பி.எம்.டபிள்யூ என்று ஒன்று இருந்தால், அது ஓசூர்ச் சரக்குதான்.

இன்னொன்று செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 மார்ச்சில் அங்கே கார் ஆலை திறந்தது. முழுக் காரை இறக்குமதி செய்தால் பல வருடங்களாக ஏறக்குறைய காரின் விலை அளவுக்கே சுங்க வரி. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் அதில் சின்னப் பங்குதான். அதனால் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கப்பலில் வருகின்றன. எஞ்சினை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பக்கத்திலேயே ஆலை போட்டுப் பூட்டித் தருகிறது. 2015-இல் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு ஐம்பது விழுக்காடு வரை எட்டியதைக் காட்ட, சச்சின் டெண்டுல்கரை அழைத்து வந்து 5 சீரிஸ் ஒன்றில் கைவைக்கச் செய்தார்கள். 2021 டிசம்பரில் இந்த ஆலையின் ஒரு லட்சமாவது கார் வெளியே வந்தது. கம்பெனியின் உலகக் கணக்கில் இது சிறு துளி. 2024-இல் அதன் எல்லா பிராண்டுகளும் சேர்த்து உலகில் விற்றது 24 லட்சத்துக்கு மேல், இந்தியாவில் 15,721.

இங்கே வாங்குகிறவரின் சுபாவம் வேறு. கார் யாருடையதோ அவர் பின்சீட்டில். ஓட்டுவது சம்பளத்துக்கு வந்த டிரைவர். கம்பெனியும் பார்த்தது. 2021-இல் 3 சீரிஸின் அச்சுகளுக்கு இடையே 110 மில்லிமீட்டர் கூட்டி, 'கிரான் லிமோசின்' என்று இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. நீட்டியது முழுவதும் பின்னால் உட்காருகிறவர் கால் நீட்டத்தான். 2024 ஜூலையில் 5 சீரிஸுக்கும் அதே வைத்தியம். சீனத்துப் பின்சீட்டுக்காரர்களுக்காக முன்பே பழகிய வித்தை அது. வலப்பக்க ஸ்டியரிங்கோடு அந்த நீள 5 சீரிஸ் முதன்முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான், செங்கல்பட்டில் பூட்டப்பட்டு. எடைப் பங்கீடு, சொன்னபடி கேட்கும் ஸ்டியரிங் எல்லாம் அதிலும் உண்டு. அவற்றை அனுபவிக்கிற பாக்கியம் டிரைவருக்கு. முதலாளிக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது.